பேசாதவர்களின் இசை

கூட்டாகப் படைக்கும் கலைக்கு மன ஒற்றுமை இன்றியமையாதது என்பார்கள். இதை என்னால் முழுமையாக ஏற்க முடிவதில்லை. 'டைனோசர் ஜூனியர்' என்ற அமெரிக்க றொக் குழு 1988 இல் வெளியிட்ட 'பக்' எனும் இசைத்தொகுப்பைக் கேட்ட பின்னர் அந்த ஐயம் இன்னும் வலுத்தது.

மசாசுசெட்ஸ் மாநிலத்தின் அம்ஹெர்ஸ்ட் நகரில் 1984 இல் உருவான குழு இது. கிற்றாரும் பாட்டும் ஜே மாஸ்கிஸ், பேஸ் கிற்றார் லூ பார்லோ, ட்ரம்ஸ் மர்ப். முன்னைய இருவரும் இளவயதிலேயே 'டீப் வூண்ட்' என்ற குழுவில் ஒன்றாக வாசித்தவர்கள். 'பக்' வெளிவந்த வேளையிலோ அவர்களுக்கிடையில் பேச்சு அருகிப் போயிருந்தது. ட்ரம்ஸை எப்படி அடிக்க வேண்டும் என்பதையும் மாஸ்கிஸே தீர்மானித்தார். மர்ப்புக்கு அது உறுத்தியது. முந்திய தொகுப்பில் இரண்டு பாடல்களை எழுதிய பார்லோ இதில் ஒன்றுகூட எழுதவில்லை.

எனினும், இத்தொகுப்பை ஒதுக்கிவிட முடியாது. கிற்றாரின் இரைச்சல் சுவர்போல எழுகிறது. அதன் பின்னால் சோம்பல் கலந்த ஒரு குரல், கேட்டால் கேளுங்கள் என்பதுபோல் ஒலிக்கிறது. மெருகு எதுவும் இல்லை. சொல்லாமல் அடக்கியதெல்லாம் ஓசையாகிவிட்டதோ என்று எண்ணத் தோன்றுகிறது.

ஒன்பதாவதாக, இறுதியில் வரும் பாடலே என்னை மிகவும் உலுக்கியது. தன்னை ஏன் வெறுக்கிறாய் என்ற பொருள்பட ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கத்தும் பாடல் அது. எழுதியவர் மாஸ்கிஸ், தொண்டை கிழியக் கத்துபவர் பார்லோ. கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவரே அதனை எழுதி, கேட்க வேண்டியவரின் வாயில் வைத்திருக்கிறார். இதைவிடக் கொடுமையான கூட்டுமுயற்சி எதனையும் நான் அறியேன்.

அடுத்த ஆண்டே, 1989 இல், பார்லோ குழுவிலிருந்து விலக்கப்பட்டார். தமது தொகுப்புகளில் தமக்கு மிகக் குறைவாகப் பிடித்தது இதுவே என்று மாஸ்கிஸ் பின்னாளில் கூறியிருக்கிறார். கேட்பவனுக்குக் கலையாகத் தெரிவது, செய்தவனுக்கு ஒரு கெட்ட காலத்தின் நினைவாகவே எஞ்சியிருக்கலாம்.

நண்பர்களோடு சிற்றிதழ் நடத்திய நாட்களில் நானும் இத்தகைய மௌனத்தை அறிந்திருக்கிறேன். ஒரே மேசையில் அமர்ந்து அச்சுப்பிழை திருத்துவோம். வாரக்கணக்கில் முகம் பார்த்துப் பேசமாட்டோம். இதழ் மட்டும் குறித்த நாளில் வந்துவிடும். நன்றாக இருக்கிறதென்று வாசகர்கள் கடிதம் எழுதுவார்கள். அக்கடிதங்களைத் தனித்தனியே வாசித்தோம்.

ஆகவே, ஒற்றுமை இல்லாமலும் நல்ல படைப்புப் பிறக்கும் என்பதே என் எண்ணம். ஆனால் படைப்பு நன்றாக அமைந்துவிட்டதனால் முறிந்த நட்பு தானாகக் கூடிவிடாது. அதற்கு வேறு உழைப்பு வேண்டும். அம்மூவரும் 2005 இல் மீண்டும் மேடையேறினார்கள். 2007 இல் 'பியோண்ட்' என்ற புதிய தொகுப்பைத் தந்தார்கள். 2021 வரையும் மேலும் தொகுப்புகள் வந்தன. முதல் தடவை அவர்கள் சேர்ந்திருந்தது ஐந்து ஆண்டுகள்தாம். இரண்டாவது சேர்க்கை அதைவிட மும்மடங்கு நீண்டது.