எத்தனை உயிர் பாக்கி?

வீட்டில் பத்து வயதுப் பையன் ஒருவன் இருந்தால், "ஐயோ, செத்துட்டேன்!" என்ற அலறலை நீங்கள் நாளைக்கு நாற்பது தடவையாவது கேட்டிருப்பீர்கள். முதல் தடவை அடுப்பை அப்படியே விட்டுவிட்டுக் கூடத்துக்கு ஓடி வருவீர்கள். பையன் குத்துக்கல் மாதிரி டெலிவிஷனுக்கு எதிரே உட்கார்ந்திருப்பான். செத்தவன் அவன் அல்ல. திரையில் தொப்பி போட்டுக்கொண்டு குதிக்கிற குள்ளன். அடுத்த நிமிஷமே அவனும் எழுந்து ஓட ஆரம்பித்துவிடுவான். இரண்டாம் தடவையிலிருந்து நீங்கள் தாளிப்பைக் கவனித்துக்கொண்டு சும்மா இருந்துவிடுவீர்கள்.

நான் அப்படி இருக்கவில்லை. அந்தக் குள்ளனுடைய சாவுக்கும் பிழைப்புக்கும் யார் கணக்கு வைக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டேன். காரணம் எங்கள் ஊர்தான். காஞ்சிபுரத்தில் நெல்லுக்காரத் தெருவில் சித்திரகுப்தனுக்கென்றே ஒரு கோவில் இருக்கிறது. ஒரு கையில் எழுத்தாணி, ஒரு கையில் ஏடு. நம் எல்லோருடைய கணக்கும் அவரிடம் இருக்கிறதாம். ஆனால் ஏட்டைத் திறந்து யாருக்கும் காட்டமாட்டார். பேரனுடைய விளையாட்டில் இருக்கிற சித்திரகுப்தன் அப்படியல்ல. ஏட்டைத் திறந்து திரையின் மூலையிலேயே மாட்டி வைத்துவிடுகிறான். அதற்கு 'ஹெல்த் பார்' என்று பெயர். நான் அதை உயிர்ப் பட்டை என்று சொல்லிக்கொள்கிறேன். "நமக்கு எதற்கு இந்தச் சமாசாரம்?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். உங்களுக்குத்தான் இது முக்கியமாக வேண்டும்.

வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழிப்பதற்காகப் பரமபதம் ஆடியிருப்பீர்கள். தாயத்தை உருட்டி, ஏணியில் ஏறி, வைகுண்டத்துக்கு நாலு கட்டம் கீழே வந்து நிற்கும்போது பெரிய பாம்பு ஒன்று வாயைத் திறந்துகொண்டு காத்திருக்கும். கொத்தினால் தொலைந்தது, அடிக் கட்டத்துக்கு வந்துவிட வேண்டும். பாதிக் கடி, கால் கடி என்பதெல்லாம் பாம்புக்குத் தெரியாது.

தாவிக் குதிக்கும் விளையாட்டுகளும் ஆரம்பத்தில் இப்படித்தான் இருந்தன. 1981-ல் ஜப்பானில் நின்டெண்டோ கம்பெனியார் 'டாங்கி காங்' என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். ஒரு குரங்கு மேலே நின்று பீப்பாய்களை உருட்டிவிடும். கீழேயிருந்து ஒருவன் ஏணியில் ஏறி வரவேண்டும். பீப்பாய் பட்டதோ இல்லையோ, ஆள் காலி. ஆனால் ஒரே உயிரோடு அனுப்பினால் பாவமல்லவா? மூன்று உயிர் கொடுத்தார்கள். மூன்றும் போனால் ஆட்டம் முடிந்தது.

அந்த ஏணிக்காரன்தான் பிற்பாடு 'மாரியோ' என்று பெயர் வாங்கினான். 1985-ல் வந்த 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' என்ற ஆட்டத்தில் அவனுக்கு ஒரு காளான் கிடைக்கிறது. அதைத் தின்றால் பெரிய ஆளாகிவிடுவான். இப்போது ஏதாவது இடித்தால் சாகமாட்டான். பழையபடி குள்ளனாகிவிடுவான், அவ்வளவுதான். அதாவது உடம்பே உயிர்ப் பட்டை! பெரிய ஆள் என்றால் இன்னும் ஓர் அடி தாங்கும். குள்ளன் என்றால் ஜாக்கிரதை. காளானுக்குப் பதிலாக எங்கள் ஊர்க் கோவில் இட்லியை வைத்திருக்கலாம் என்பது என் அபிப்பிராயம். மிளகும் சுக்கும் போட்ட இட்லியைத் தின்றவன் இன்னும் ஒரு முழம் வளர்ந்திருப்பான்.

நிஜமான பட்டை வைத்த ஆட்டங்களும் உண்டு. 1986-ல் வந்த 'காஸ்டில்வேனியா'வில் 16 கோடுகள் கொண்ட பட்டை. மறு வருஷம் வந்த 'மெகா மேன்' ஆட்டத்தில் 28 கோடுகள். சின்னப் பகைவன் இடித்தால் கொஞ்சம் குறையும், பெரியவன் அடித்தால் நிறையக் குறையும். 1991-ல் வந்த 'சோனிக்' என்ற நீல முள்ளெலிக்குப் பட்டையே கிடையாது. அது வழியெல்லாம் தங்க வளையம் பொறுக்கும். கையில் ஒரு வளையமாவது இருந்தால் அடி பட்டாலும் உயிர் போகாது. வளையங்கள் சிதறி ஓடும், கிடைத்ததைப் பொறுக்கிக்கொள்ளலாம். ஒன்றுமே இல்லாதபோது அடி பட்டால் அதோ கதி! அவசரத்துக்கு அஞ்சறைப் பெட்டியில் பணம் போட்டு வைத்த நமக்கு இந்தத் தத்துவத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இதன் உள் வேலை என்ன என்று பேரனைக் கேட்டேன். "ஒரு நம்பர்தான் பாட்டி. அடி பட்டா கழிக்கும், தின்னா கூட்டும். பூஜ்யம் ஆனா ஆள் அவுட்டு" என்றான். அவ்வளவு சுலபமா என்று நினைத்தேன். பிற்பாடுதான் அதில் ஒரு சூட்சுமம் இருப்பது தெரிந்தது. இந்தப் பெட்டி திரையை நொடிக்கு 50, 60 தடவை புதிதாக எழுதுகிறது. ஒவ்வொரு தடவையும், "இவன் மேல் ஏதாவது இடிக்கிறதா?" என்று பார்க்கிறது. ஒரு பகைவன் அரை நொடி ஒட்டிக்கொண்டு நின்றால், கணக்குப்படி இருபத்தைந்து முப்பது அடி விழவேண்டும். 16 கோடும் கண் இமைப்பதற்குள் காலியாகிவிடும். பையன் என்ன தப்புச் செய்தான் என்று அவனுக்கே தெரியாது.

அதனால் ஒரு தர்மம் வைத்திருக்கிறார்கள். ஓர் அடி பட்டவுடன் ஆள் மினுக்கு மினுக்கென்று மின்னுவான். "அப்போ எது இடிச்சாலும் ஒண்ணும் ஆகாது பாட்டி. அதுக்குள்ள தள்ளிப் போயிடணும்" என்றான் பேரன். ஓரிரண்டு விநாடி அவகாசம். விழுந்தவனை மேலும் மேலும் அடிக்காமல், எழுந்து மூச்சு விட நேரம் கொடுக்கிறார்கள். ஆனால் பள்ளத்தில் விழுந்தால் இந்தச் சலுகையெல்லாம் செல்லாது. மின்னினாலும் சரி, பட்டை நிறைய இருந்தாலும் சரி, போனது போனதுதான்.

நாம் சின்ன வயதில் ஓடிப் பிடித்து விளையாடும்போது, மூக்கு ஒழுகிக்கொண்டு கூடவே ஓடிவரும் தம்பியையோ தங்கையையோ 'ஒப்புக்குச் சப்பாணி' என்று சேர்த்துக்கொள்வோமே, ஞாபகம் இருக்கிறதா? அந்தக் குழந்தையைத் தொட்டாலும் அவுட் கிடையாது. 2018-ல் கானடாவில் செய்த 'செலஸ்ட்' என்ற ஆட்டத்தில் ஒரு பெண் மலை ஏறுகிறாள். அவளுக்கு உயிர்ப் பட்டை இல்லை. முள் பட்டால் உடனே சாவு, உடனே பக்கத்திலேயே பிழைப்பு. இது முடியவில்லை என்கிறவர்களுக்குச் சாகாமலே ஏறும்படி ஒரு சலுகையும் அதில் உண்டு. பார்த்தீர்களா, நம் ஒப்புக்குச் சப்பாணி கடல் தாண்டிப் போயிருக்கிறாள்! நம் தேசமும் பின்தங்கவில்லை. 2020-ல் புனேயைச் சேர்ந்தவர்கள் 'ராஜி' என்ற ஆட்டத்தை வெளியிட்டார்கள். அசுரர்களிடம் சிக்கிய தம்பியை மீட்க ஒரு சிறு பெண் அரண்மனை அரண்மனையாகத் தாவிப் போகிறாள்.

ஆக, மூன்று விஷயம். கணக்கு கண்ணுக்குத் தெரியவேண்டும். அடி பட்டவனுக்கு அவகாசம் வேண்டும். வழியில் தின்ன ஏதாவது இருக்கவேண்டும். இந்த மூன்றும் இல்லாவிட்டால் எந்தக் குழந்தையும் அந்த ஆட்டத்தை ஆடாது. ஆனால் இந்த மூன்றும் இல்லாமலே ஒருத்தி தினமும் ஆடிக்கொண்டிருக்கிறாளே, நம் வீட்டுச் சமையலறையில்! அவளை யோசித்தீர்களா?

பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர் வீட்டில் பிறந்தவள் நான். பாவில் ஓர் இழை அறுந்தால் அப்பா தறியை நிறுத்திவிடுவார். முடிச்சுப் போட்டுச் சேர்த்த பிறகுதான் அடுத்த ஊடை. கோர்வைச் சேலைக்குக் கரை நாடா போட்டுக் கொடுக்க அம்மா பக்கத்தில் உட்காருவாள். நடுவே எழுந்து உலை வைப்பாள். எல்லோரும் சாப்பிட்ட பிறகு பானையில் இருப்பதைச் சாப்பிடுவாள். பட்டு இழை அறுந்தால் தெரிந்தது. அம்மாவுக்குள் என்ன அறுந்தது என்று தெரிந்துகொள்ள ஒரு வழியும் இல்லை.

இப்போது வழி இருக்கிறது. என் மருமகள் ஒரு பட்டு ஜவுளிக் கடையில் வேலை பார்க்கிறாள். முகூர்த்த மாதம் வந்தால் காலை முதல் இரவு வரை புடவை பிரித்துக் காட்டி, மடித்து வைத்து, மறுபடி பிரித்துக் காட்டவேண்டும். ஒரு நாள் இரவு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். பேரன் அவளை உற்றுப் பார்த்துவிட்டு, "அம்மா, உனக்கு எத்தனை பாக்கி?" என்றான். அவள் சிரித்தாள். "அரைதான்டா இருக்கு" என்றாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. மறுநாளே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன்.

ரத்தத்தில் ஹீமோகுளோபின் என்று ஒன்று இருக்கிறது. கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு அது டெசிலிட்டருக்கு 12 கிராமாவது இருக்கவேண்டும். குறைந்தால் ரத்தசோகை, 8-க்கும் கீழே போனால் ஆபத்தான நிலை. மருமகளுக்கு எட்டரை! அவள் மட்டுமா? 2019–21-ல் தேசம் முழுவதும் எடுத்த குடும்ப நலக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயதுக்குள் இருக்கிற பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை. ஐந்து பேர் பேசிக்கொண்டிருக்கும் திண்ணையில் மூன்று பேருக்குப் பட்டை குறைந்திருக்கிறது என்று அர்த்தம்.

காளான் தின்ற மாரியோ ஒரு நொடியில் வளர்ந்துவிடுவான். உடம்பு அப்படியல்ல. டாக்டரம்மா இரும்புச் சத்து மாத்திரை கொடுத்து, மாத்திரையோடு காபி, டீ கூடாது, எலுமிச்சம்பழச் சாறு நல்லது என்றார். எண் ஏறிய பிறகும் சில மாதம் விடாமல் சாப்பிடச் சொன்னார். பேரன் சமையலறைக் காலண்டருக்குப் பக்கத்தில் 12 கட்டம் வரைந்து எட்டரைக்குச் சிவப்பு அடித்தான். மூன்று மாதத்தில் பதினொன்று. ஆறாம் மாதம் பன்னிரண்டும் சிவப்பாகிவிட்டது. இதற்கிடையில் வீட்டில் ஒரு சட்டம் வந்தது: கடையிலிருந்து வந்தவளை அரை மணி நேரம் யாரும் எதுவும் கேட்கக்கூடாது. பேரன் அதற்கு 'அம்மா மின்னுற நேரம்' என்று பெயர் வைத்திருக்கிறான். என் மகன் அந்த அரை மணியில் தோசை ஊற்றப் பழகிக்கொண்டான். தோசை இன்னும் வட்டமாக வரவில்லை. அது வேறு கதை.

கடையில் நிற்கிறவர்களுக்கும் அவகாசம் வேண்டுமே என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டத்தைத் திருத்தி, கடை ஊழியர்கள் எல்லோருக்கும் உட்கார இருக்கை போடவேண்டும் என்று செய்தார்கள். அடுத்த தடவை புடவை எடுக்கப் போகும்போது அந்தப் பெண்களுக்கு நாற்காலி இருக்கிறதா என்று நீங்களும் ஒரு பார்வை பாருங்கள். இருந்து, உட்காரத் தயங்கினால், "உட்காரும்மா, நாங்கள் நிதானமாகவே பார்க்கிறோம்" என்று சொல்லுங்கள்.

உங்களுடைய எண் எத்தனை? தெரியாதென்றால் இந்த வாரமே பார்த்துக்கொண்டு வாருங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் காசு வாங்குவதில்லை. ஒரு துளி ரத்தம்தான் கேட்பார்கள். வந்ததும் சுவரில் 12 கட்டம் போட்டு வையுங்கள். சுவர் அழுக்காகிறதே என்று யாராவது முணுமுணுத்தால், அவருக்கும் பக்கத்தில் ஒரு வரிசை வரைந்துவிடுங்கள்.