ஆல்ப்ஸ் மலைப்பாதையில்

ஐரோப்பாவின் நடுவே பிறைமதி போல் வளைந்து கிடப்பது ஆல்ப்ஸ் மலைத்தொடர். அதன் எழிலைக் கண்டு மகிழ விரும்புவோர்க்குச் சுவிட்சர்லாந்து அஞ்சல் நிறுவனத்தின் மஞ்சள் நிறப் பேருந்து நல்ல துணையாகும். ஒரு கோடைக்காலத்தில் அப்பேருந்தில் ஆண்டர்மட் என்னும் ஊரிலிருந்து புறப்பட்டுப் பூர்க்கா கணவாயை நோக்கிச் சென்றேன். அக்கணவாய் கடல் மட்டத்திற்கு மேல் 2,400 மீட்டருக்கும் மிகுந்த உயரமுடையது. பனிக்காலத்தில் அதன் சாலை அடைபட்டுக் கிடக்கும்.

பேருந்து மேலேற ஏற மரங்கள் அருகின. புல்வெளியும் பாறையுமே எஞ்சின. கண்ணுக்குப் புலப்படாத வளைவுகளில் ஓட்டுநர் மூன்று சுரங்கள் கொண்ட ஊதுகுழலை ஒலித்தார். ரோசினி என்னும் இத்தாலிய இசைப்புலவரின் 'வில்லியம் டெல்' இசைநாடகத்திலிருந்து எடுக்கப்பட்ட ஒலி அது.

வழியில் இறங்கி நின்றபோது கூர்மையான சீழ்க்கை ஒன்று எழுந்தது. மர்மோட் என்னும் சிறு விலங்கு வளைவாயிலில் நிமிர்ந்து நின்று தன் இனத்தை எச்சரித்தது. அணிலின் குடும்பத்தைச் சேர்ந்த இது, ஆண்டில் ஏறத்தாழ ஆறு மாதம் நிலத்தடியில் உறங்கிக் கழிக்கும்.

தொலைநோக்கியில் நோக்கியபோது, செங்குத்தான பாறைமேல் ஐபெக்ஸ் என்னும் மலையாடு தென்பட்டது. வாள்போல் வளைந்த கொம்புகளுடன் அஃது அசையாது நின்றது. கொம்பும் குருதியும் மருந்தாகும் என்று நம்பிய மக்கள் அவ்வினத்தை வேட்டையாடிச் சுவிட்சர்லாந்தில் அடியோடு அழித்துவிட்டனர். இத்தாலியின் கிரான் பாரடிசோ மலையில் மட்டும் ஒரு சிறு கூட்டம் எஞ்சியது. 1856-இல் அம்மலை அரச வேட்டைக்காடாயிற்று. பிறர் வேட்டையாடுதல் தடுக்கப்பட்டது. 1906-இல் அங்கிருந்து குட்டிகள் மறைவாகக் கொண்டுவரப்பட்டுச் செயின்ட் காலன் நகரின் விலங்குக்காட்டில் வளர்க்கப்பட்டன. 1911-இல் அவற்றின் வழிவந்தவை மலையில் விடப்பட்டன. இன்று அந்நாட்டில் பல்லாயிரம் மலையாடுகள் திரிகின்றன.

கணவாயைக் கடந்ததும் ரோன் பனியாறு தோன்றியது. ஐரோப்பாவின் பேராறுகளுள் ஒன்றான ரோன் பிறக்குமிடம் இதுவே. 1850-ஆம் ஆண்டளவில் கீழேயுள்ள கிளெட்ச் பள்ளத்தாக்குவரை பரந்திருந்த பனி, உலகம் வெப்பமடைதலால் உருகி மேலே பின்வாங்கிவிட்டது. அதன் ஒரு பகுதியைக் கோடை வெயிலினின்று காக்க வெண்போர்வைகளால் மூடியிருந்த காட்சி என் நெஞ்சை வருத்தியது.

அழிந்த மலையாட்டை மீட்க அண்டை நாட்டில் சில குட்டிகளேனும் இருந்தன. உருகிய பனியை மீட்டுத் தர எந்த நாட்டில் எவர் சேமித்து வைத்துள்ளனர்?