அந்திச் சங்கு

கும்பகோணத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் சென்ற ஆண்டு தம் துணைவியாருடன் கொல்கத்தாவுக்குச் சென்றார். அம்மையாருக்கு வயது 74. இரண்டாண்டுகளாக நினைவு தடுமாறுகிறது. இந்நிலையில் நெடும்பயணம் வேண்டாம் என்று பிள்ளைகள் தடுத்தனர். ஆனால், தட்சிணேசுவரத்துப் பவதாரிணியைத் தரிசிக்க வேண்டும் என்று மணமான நாள் முதல் கேட்டுவந்தவர் அவர். நினைவு முற்றும் மங்கிய பின் யாரை அழைத்துச் செல்வது என்று கணவர் கேட்டார். பிள்ளைகளிடம் விடை இல்லை.

முதல் இரவு நகர நடுவில் ஒரு பெரிய விடுதியில் கழிந்தது. ஒரே அச்சில் வார்த்தாற்போன்ற கதவுகள் வரிசையாக இருந்தன. நள்ளிரவில் பூஜையறையைத் தேடிச் சென்ற அம்மையார், வழி தெரியாமல் நடைவழியில் நின்று அழுதுகொண்டிருந்தார். விடிந்ததும் இருவரும் பாக்பஜார் பகுதிக்கு இடம்பெயர்ந்தனர். 1911இல் இராமேசுவரம் வந்து வழிபட்ட அன்னை சாரதாதேவியார், தம் இறுதி ஆண்டுகளில் வாழ்ந்து 1920இல் சித்தியடைந்த பகுதி அது. அங்கே பழைய வீடொன்றைத் தங்கும் விடுதியாக நடத்தி வந்தனர்.

நடுவே முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், தேய்ந்து வழுவழுத்த சிவப்புத் தரை. முற்றத்தின் ஒருபுறம் வளைவுத் தூண்களோடு ‘தாகூர் தாலான்’ எனப்படும் பூஜை மண்டபம். முற்றம் வைத்த வீட்டில் பிறந்து வளர்ந்த அம்மையார் யாரையும் வழி கேட்கவில்லை; நேரே மண்டபப் படியில் போய் அமர்ந்துகொண்டார். உணவைப் பற்றித்தான் கணவருக்குக் கவலை. வங்கத்தில் மீன் புழங்காத அடுக்களை அரிதல்லவா! அந்த வீட்டிலோ, முற்காலத்தில் கைம்பெண்களுக்கென ஒதுக்கிய சைவ அடுக்களை தனியே இருந்தது. இருவருக்கும் அதில் சமைத்தார்கள். அதன் வரலாற்றை எண்ணியபோது தலைமையாசிரியருக்கு முதற் கவளம் எளிதில் இறங்கவில்லை.

அன்று அந்தியில் அவர் மாடியறையில் கண்ணயர்ந்திருந்தார். கீழே அவ்வீட்டு மூதாட்டி விளக்கேற்றி மும்முறை சங்கு ஊதினார். வங்கத்து இல்லங்களில் அது அன்றாட மங்கல ஒலி. நம்மூர்த் தெருக்களிலோ சங்கொலி கேட்டால் முதலில் எழும் கேள்வி வேறு. “ஐயோ, அவருக்கு என்ன ஆயிற்று?” என்று அலறியபடி அம்மையார் படியேறினார். கணவர் எழுந்து ஓடிவந்து, “இதோ இருக்கிறேன்” என்று கையைப் பற்றிய பின்னும் நெடுநேரம் அவர் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்தார். காரணம் அறிந்த மூதாட்டி கலங்கிப்போனார். மறுநாள் அந்தியில் அம்மையாரைத் தம் அருகில் அமர்த்தி, அவர் கையில் சங்கைக் கொடுத்துக் காட்டிய பின்பே ஊதினார். மூன்றாம் நாள், “இன்னும் ஊதவில்லையே, விளக்கு வைக்கும் நேரமாயிற்றே” என்று அம்மையாரே கேட்டார்.

தட்சிணேசுவரத்தில் நல்ல தரிசனம். இராணி ராசமணி 1855இல் எழுப்பிய ஒன்பது சிகரக் கோயிலின் முன் அம்மையார் கைகூப்பி நின்றார். பரமஹம்சர் வாழ்ந்த அறையில் சற்று அமர்ந்திருந்தார்.

ஊர் திரும்பியபின் அக்கோயில் அவர் நினைவில் தங்கவில்லை. அந்தியில் மட்டும், “சங்கு எங்கே?” என்கிறார். தலைமையாசிரியர் ஒரு சங்கு வாங்கி ஊதப் பழகினார். முதல் நாள் அண்டை வீட்டார் பதறியடித்து ஓடி வந்தனர், இப்போது வருவதில்லை.