பேகம்பூர்த் தொட்டியில் கப்பி மீன்கள்

திண்டுக்கல் மலைக்கோட்டையைப் பார்த்து இறங்கும் நேயர்களே, பேகம்பூர் வரை வாருங்கள். ஹைதர் அலியின் சகோதரி அமீருன்னிசா பேகம் அடங்கியிருப்பதால் அமைந்த பெயர் அது. மழை குறைந்த இச்சமவெளியில் நீரைச் சேமித்து வைத்தே புழங்க வேண்டும்; சேமித்த நீரிலோ கொசு முட்டையிடும். புறக்கடைத் தொட்டியில் நான்கைந்து கப்பி மீன்களை விட்டுப் பாருங்கள். கொசுப்புழுக்களை விரும்பித் தின்னும். கிணற்றின் கடின நீர் அவற்றுக்கு நன்கு ஒத்துக்கொள்ளும். ஆனால், தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு கலந்த கிணற்று நீர் வேண்டவே வேண்டாம். குழாய் நீராயின், ஒரு நாள் திறந்து வைத்துக் குளோரின் நீங்கியபின் ஊற்றுங்கள்.

கப்பி, முட்டையிடாமல் குஞ்சாகவே ஈனும். ஏறக்குறைய மாதம் ஒருமுறை. ஈன்ற தாயே குஞ்சுகளைத் தின்றுவிடும் (தாய்ப்பாசம் அறியாத இனம்!). ஒளிந்துகொள்ள நீர்ச்செடிகள் இடுங்கள். பெருகியவற்றை அண்டை வீட்டாருக்குக் கொடுங்கள், குளத்தில் விடாதீர்கள். தென் அமெரிக்காவிலிருந்து வந்த இம்மீன், நம் நாட்டு மீன்களின் இரையைப் பறித்துக்கொள்ளும்.