உக்ரேன் வீட்டில் ஓர் உபாத்தியாயர்

ஒரு தேசத்தை அறிந்துகொள்ள வேண்டுமானால், அதன் தலைநகரத்து வீதிகளில் சுற்றுவதைக் காட்டிலும், ஒரு குடித்தனக்காரர் வீட்டுச் சமையலறையில் நாலு நாள் உட்கார்ந்திருப்பது மேல். மாட மாளிகைகளும் பொருட்காட்சிச் சாலைகளும் அத்தேசம் வெளியாருக்குக் காட்ட விரும்புவதைக் காட்டும். சமையலறையோ, அது தனக்குள்ளே எப்படி வாழ்கிறது என்பதைச் சொல்லிவிடும். இந்தப் பாக்கியம் யாத்திரிகர்களுக்குச் சாதாரணமாகக் கிட்டுவதில்லை. உக்ரேனில் அது எத்தனையோ வாலிப உபாத்தியாயர்களுக்குக் கிட்டியது.

உக்ரேன் 1991-ஆம் வருஷம் ஆகஸ்டு 24-ந் தேதி தன்னைச் சுதந்திர நாடு என்று பிரகடனம் செய்துகொண்டது. அவ்வருஷம் டிசம்பரில் ஜனங்களிடம் வாக்கெடுத்தபோது நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் அதை ஆதரித்தார்கள். மறு வருஷமே அமெரிக்க அரசாங்கத்தின் 'பீஸ் கோர்' என்னும் சமாதானப் படையோடு ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. படை என்றதும் நேயர்கள் துப்பாக்கியை நினைக்க வேண்டாம். ஜனாதிபதி கென்னடி 1961-ல் ஆரம்பித்த தொண்டர் ஸ்தாபனம் இது. 1992 முதல் 2020 வரையில் 3,000-க்கு மேற்பட்ட தொண்டர்கள் உக்ரேனுக்கு வந்தார்கள். அவர்களில் பலர் பள்ளிக்கூடங்களில் இங்கிலீஷ் கற்பித்தவர்கள். ஆனால் வந்தவுடன் அவர்கள் கையில் சுண்ணாம்புக் கட்டியைக் கொடுத்துவிடவில்லை. முதலில் சுமார் மூன்று மாதம் ஓர் உக்ரேனியக் குடும்பத்தில் தங்கி, பாஷையையும் பழக்க வழக்கங்களையும் அவர்களே மாணவர்களாக இருந்து கற்க வேண்டும். அப்புறந்தான் இரண்டு வருஷ ஊழியம்.

கீவ் நகருக்கு வடகிழக்கே, டெஸ்னா நதிக்கரையில், செர்னிகிவ் என்ற பழம்பெரும் பட்டணம் இருக்கிறது. பதினோராம் நூற்றாண்டில் எழுப்பிய தேவாலயம் ஒன்று அங்கே இன்னும் நிற்கிறது. அந்தப் பட்டணத்தைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் தொண்டர்கள் சிலர் தங்கியதுண்டு. அப்படிப்பட்ட வீடொன்றின் வாசலில் ஒரு புது உபாத்தியாயர் பெட்டியும் கையுமாக வந்து நிற்பதாக வைத்துக்கொண்டு, அவர் பின்னாலேயே நாமும் நுழைவோம்.

நுழைவது அவ்வளவு சுலபமன்று. முதலில் வீதிச் செருப்பைக் கழற்றியாக வேண்டும். வீட்டுக்குள் போட்டுக்கொள்வதற்கென்று ஒரு ஜோடி மெத்தைச் செருப்பு விருந்தாளிக்காகத் தயாராக வைத்திருக்கும். வீட்டுக்காரரின் கையைக் குலுக்க வேண்டுமானால் வாசற்படியைத் தாண்டிய பிறகே குலுக்க வேண்டும். படிக்கு இப்புறம் ஒருவரும் அப்புறம் ஒருவருமாக நின்று கை கொடுப்பது அபசகுனம். வீட்டு அம்மாளுக்குப் பூ வாங்கி வந்தால் அதை எண்ணிப் பார்த்து வாங்குவது நலம். ஒற்றைப் படையில் இருந்தால் மங்களம். இரட்டைப் படையில் கொடுப்பது சாவு வீட்டுக்குத்தான்.

உள்ளே போனால் மேஜையின்மேல் 'போர்ஷ்' ஆவி பறக்கிறது. பீட்ரூட், கோஸ், உருளைக்கிழங்கு முதலியவற்றைப் போட்டுக் காய்ச்சி, மேலே புளித்த பாலேட்டை ஒரு கரண்டி இட்டுக் கொடுக்கும் செந்நிறமான சாறு இது. ஐக்கிய நாட்டு ஸ்தாபனத்தின் யுனெஸ்கோ 2022 ஜூலையில் இதைச் சமைக்கும் கலாசாரத்தை அவசரமாகப் பாதுகாக்கத் தக்க பொக்கிஷங்களின் ஜாபிதாவில் சேர்த்தது. அடுத்து வருவது 'வரேனிக்கி'. நம் வீட்டுக் கொழுக்கட்டைக்குத் தூரத்து உறவு என்று சொல்லலாம். உள்ளே உருளைக்கிழங்கோ, பாலாடைக் கட்டியோ, செர்ரிப் பழமோ இருக்கும். "போதும்" என்ற வார்த்தையைத்தான் புது உபாத்தியாயர் முதலில் கற்றுக்கொள்கிறார். அந்த ஒரு வார்த்தை மட்டும் வீட்டு அம்மாளின் காதில் விழுவதே இல்லை!

இந்தச் சாப்பாட்டில் பெரும் பகுதி கடையிலிருந்து வந்ததல்ல, கொல்லையிலிருந்து வந்தது. வசந்த காலத்தில் குடும்பம் முழுவதும் மண்வெட்டியோடு இறங்கி உருளைக்கிழங்கு நடுகிறது. பட்டணத்திலிருக்கும் பிள்ளைகளும் அன்றைக்கு ஊருக்கு வந்துவிடுவார்கள். பிறகு, செடியில் ஏறும் கோடு போட்ட கொலராடோ வண்டுகளைக் கையாலேயே பொறுக்கிப் போட வேண்டும். இந்த வண்டுக்குப் பூர்வீகம் அமெரிக்கா, உபாத்தியாயருக்கும் அமெரிக்கா. ஒரு விருந்தாளியைக் கொண்டு இன்னொரு விருந்தாளியைப் பிடிக்கச் செய்வதில் அந்த வீட்டார் சாமர்த்தியசாலிகள். கோடை முடிந்ததும் வெள்ளரிக்காய், தக்காளி, பழச்சாறு எல்லாம் மூன்று லிட்டர்க் கண்ணாடி ஜாடிகளில் ஏறி, நிலவறைக்குள் போய்விடும். பனி மூடிய மாதங்களில் குடும்பத்தைக் காப்பாற்றுவது அந்த நிலவறைதான்.

இவ்வளவு பத்திரப்படுத்துவானேன் என்று விருந்தாளிக்குத் தோன்றலாம். ரொட்டித் துணுக்கு ஒன்று கீழே விழுந்தால் கூட வீட்டுப் பாட்டி ஏன் பதறி எடுக்கிறாள் என்றும் தோன்றலாம். இதற்குச் சரித்திரத்தில் விடை இருக்கிறது. 1932, 1933 வருஷங்களில், ஐரோப்பாவின் களஞ்சியம் என்று பெயர் வாங்கிய அந்தக் கரிசல் பூமியில், ஸ்டாலின் ஆட்சி குடியானவர்களின் தானியத்தைப் பறித்துக்கொண்டு போயிற்று. அறுவடைக்குப் பின் வயலில் உதிர்ந்த கதிரைப் பொறுக்குவதுகூட, 1932 ஆகஸ்டு 7-ந் தேதிச் சட்டப்படி பெருங்குற்றமாயிற்று. லக்ஷோபலக்ஷம் ஜனங்கள் பட்டினியால் மடிந்தார்கள். 'ஹொலோதோமோர்' என்று உக்ரேனியர் இதைச் சொல்வார்கள். ஒவ்வொரு வருஷமும் நவம்பர் மாதம் நாலாவது சனிக்கிழமை அந்தியில் வீட்டு ஜன்னல்களில் ஒரு மெழுகுவர்த்தி எரிகிறது. அதை ஏற்றும்போது வீட்டில் யாரும் அதிகம் பேசுவதில்லை.

அந்த 1933-லேயே இன்னொரு பொருளும் பறிபோயிற்று. அது ஓர் எழுத்து. 'கங்கை' என்னும்போது நாம் முதலெழுத்தை ஒலிக்கிறோமே, அந்த ஒலிக்கு உக்ரேனிய நெடுங்கணக்கில் தனி எழுத்து இருந்தது. ருஷ்ய நெடுங்கணக்கில் அது இல்லை. இரண்டு பாஷைகளையும் நெருங்கச் செய்ய வேண்டுமென்று அந்த எழுத்தையே நீக்கிவிட்டார்கள். பாஷையின் கழுத்தை நெரிப்பது அதற்கு முன்பும் நடந்ததுதான். 1863-ல் ஜார் மந்திரி ஒருவரின் சுற்றுத்தரவும், 1876-ல் ஜார் சக்கரவர்த்தியின் கட்டளையும் உக்ரேனிய மொழியில் புத்தகம் அச்சிடுவதைப் பெரிதும் தடுத்தன. அடிமைக் குடியானவன் மகனாக 1814-ல் பிறந்து மகாகவியான தாரஸ் ஷெவ்சென்கோவை 1847-ல் நாடு கடத்தியபோது, எழுதவும் கூடாது, சித்திரம் தீட்டவும் கூடாது என்று ஜார் உத்தரவிட்டான். நீக்கிய எழுத்தோ 1990-ல்தான் திரும்பி வந்தது. வீட்டு முகப்புத் திண்ணைக்கு உக்ரேனியச் சொல் 'கானோக்'. சட்டைப் பொத்தானுக்குக் 'கூட்ஸிக்'. இரண்டும் அந்த எழுத்தில்தான் ஆரம்பிக்கின்றன. ஐம்பத்தேழு வருஷம் திண்ணையையும் பொத்தானையும் சரியாக எழுத முடியாமல் ஒரு ஜனசமூகம் இருந்தது என்பதைப் புது உபாத்தியாயர் வீட்டுக் குழந்தைகளின் அரிச்சுவடியிலிருந்து அறிந்துகொள்கிறார்.

அந்தப் பாஷையில் தமிழருக்கு வேடிக்கையாய்த் தோன்றும் சங்கதிகளும் உண்டு. அங்கே 'மாமா' என்றால் தாய். 'தாத்தோ' என்றால் தகப்பன். கூப்பிடும்போது அவை 'மாமோ' என்றும் 'தாத்து' என்றும் மாறும். நமது இலக்கணத்தில் எட்டாவதாக நிற்கும் விளி வேற்றுமை அங்கே ஏழாவதாக நிற்கிறது. தற்கால ருஷ்ய மொழி இதைப் பெரும்பாலும் இழந்துவிட்டது, உக்ரேனியம் இழக்கவில்லை. ஆனால் எல்லா வீடுகளிலும் சுத்த உக்ரேனியம் கேட்கும் என்று எண்ணக் கூடாது. பல வீடுகளில் ருஷ்ய மொழியே பேச்சு வழக்காய் இருந்தது. வேறு பல வீடுகளில் இரண்டும் கலந்த 'சூர்ஷிக்'. கலப்புத் தானிய மாவுக்கு ஏற்பட்ட பெயர் அது. வகுப்பில் படித்த பாஷையும் சமையலறைப் பாஷையும் ஒத்துப் போகாமல் உபாத்தியாயர் திண்டாடுவது இங்கேதான்.

செப்டம்பர் முதல் தேதி பள்ளிக்கூடம் திறக்கிறது. பூவேலை செய்த சட்டையணிந்த குழந்தைகள் கொத்துக் கொத்தாய் மலர்களை உபாத்தியாயர்களுக்குக் கொண்டு வருகிறார்கள். கடைசி வகுப்பு மாணவன் ஒருவன் முதல் வகுப்புச் சிறுமியைத் தோளில் ஏற்றிக்கொள்ள, அவள் கைமணியை ஆட்டி வருஷத்தைத் தொடங்கி வைக்கிறாள். உபாத்தியாயரைப் பெயரோடு தகப்பனார் பெயரையும் சேர்த்து மரியாதையாக அழைப்பது வழக்கம். பரீக்ஷைக்கு 2000-ஆம் வருஷம் முதல் பன்னிரண்டு மார்க்கு உச்சம். வகுப்புச் சுவரில் பல இடங்களில் ஷெவ்சென்கோவின் படம் தொங்குகிறது. அதற்குக் கீழே நின்றுதான் அமெரிக்க வாலிபர் இங்கிலீஷ் பாடம் நடத்துகிறார்.

இங்கே நாம் சற்று யோசிக்க வேண்டும். அந்நிய பாஷை ஒன்றால் அவ்வளவு அவதிப்பட்ட ஜனங்கள் இன்னோர் அந்நிய பாஷையை எப்படி ஆவலோடு கற்கிறார்கள்? விடை அந்த வீட்டு வாசலிலேயே இருக்கிறது. முன்னது எஜமானாக வந்து, வீட்டுக்காரியின் வாயைப் பொத்தியது. பின்னது விருந்தாளியாக வந்து, மூன்று மாதம் வீட்டுக்காரியின் பாஷையைப் படித்துவிட்டு, அப்புறந்தான் தன் பாடத்தை ஆரம்பித்தது.

2020 மார்ச்சில் கொரோனா நோய் பரவியபோது, உலகெங்கும் இருந்த அந்தத் தொண்டர்கள் அனைவரையும் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். இரண்டு வருஷம் செல்வதற்குள், 2022 பிப்ரவரி 24-ந் தேதி, ருஷ்யா முழுப் படையோடு உள்ளே புகுந்தது. செர்னிகிவ் முற்றுகைக்கு ஆளாகி, ஏப்ரல் தொடக்கத்தில் விடுபட்டது. வெள்ளரிக்காய் ஜாடிகள் இருந்த நிலவறைகளில் ஜனங்கள் குண்டுக்குப் பயந்து குழந்தைகளோடு பதுங்கினார்கள். கார்கிவ் நகரத்தில் 2023 செப்டம்பரில் பூமிக்கடியிலுள்ள ரயில் நிலையங்களில் வகுப்புகள் தொடங்கின. 2024 மே மாதத்தில் பூமிக்கடியிலேயே கட்டிய பள்ளிக்கூடமும் திறந்தது.

இந்த யுத்தத்தின் நடுவிலே, 2024 ஜூன் மாதம், உக்ரேன் ஒரு சட்டம் செய்தது. இங்கிலீஷைச் சர்வதேசத் தொடர்புக்குரிய பாஷையாக அது அங்கீகரித்தது. ராஜ்ய பாஷையாக உக்ரேனியமே இருந்தது. அந்த ஸ்தானத்தில் யாரும் கை வைக்கவில்லை. தன் பாஷையில் நம்பிக்கையுள்ள வீடு பிற பாஷைக்குக் கதவை அடைப்பதில்லை; அது வரும்போது வாசலில் செருப்பைக் கழற்றச் சொல்கிறது, அவ்வளவே. சுதந்திர தேசங்கள் எல்லாமே கைக்கொள்ளத் தக்க வீட்டு வழக்கம் இது.