மருத்துவச்சிகள் சொன்ன பதில்

மார்ச் 9, 2025, ஞாயிறு

திடப்படுத்தல் வகுப்பில் இன்று யாத்திராகமம் முதல் அதிகாரம். எபிரெய ஆண் குழந்தைகளைப் பிறந்ததுமே கொல்லச் சொல்கிறான் எகிப்தின் ராஜா. சிப்பிராளும் பூவாளும் கொல்லவில்லை. கேட்டதற்கு, நாங்கள் போய்ச் சேருமுன்பே அந்தப் பெண்கள் பெற்றுவிடுகிறார்கள் என்று சொல்லிவிட்டார்கள். தேவன் அவர்களுக்கு நன்மை செய்தார் என்றும் இருக்கிறது. "அப்போ பொய் சொல்லலாமாக்கா?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு பிள்ளை கேட்டாள். ஏதோ ஒன்றைச் சொல்லி வாயடைக்க எனக்கு மனமில்லை. அடுத்த வாரம் பேசுவோம் என்றேன்.

மார்ச் 11, செவ்வாய்

பழைய சபைப் பிதா அகஸ்டின் பொய்யைப் பற்றி இரண்டு நூல் எழுதினார். ஒன்று 395 வாக்கில், இன்னொன்று 420 வாக்கில். எதற்காகவும் பொய் கூடாது என்பதில் அவர் அசையவே இல்லை. மருத்துவச்சிகளுக்குக் கிடைத்த பலன் அவர்களுடைய இரக்கத்துக்கு, பொய்க்கு அல்ல என்கிறார். பொய்யை எட்டு வகையாகப் பிரிக்கிறார். எல்லாவற்றிலும் கொடியது, விசுவாசத்தைப் போதிக்கும்போது சொல்லும் பொய். பிள்ளைகளுக்கு வேதம் சொல்லிக்கொடுக்கிற எவரும் அந்த இடத்தைச் சும்மா தாண்டிப் போக முடியாது.

தகாஸ்தே பேராயர் ஃபிர்முஸ் கதையும் அந்த முதல் நூலிலேதான் வருகிறது. தஞ்சம் தேடி வந்த ஒருவனை அவர் ஒளித்து வைத்திருந்தார். பேரரசனின் ஆட்கள் வந்து கேட்டபோது, பொய்யும் சொல்லமாட்டேன், அவனைக் காட்டியும் கொடுக்கமாட்டேன் என்றார். சித்திரவதை செய்தும் வாய் திறக்கவில்லை. கடைசியில் பேரரசனே வியந்துபோய் அந்த மனிதனுக்கு மன்னிப்புக் கொடுத்தான். பொய் சொல்லாததற்கான விலையை ஃபிர்முஸ் தன் உடம்பில் வாங்கிக்கொண்டார். ஒளிந்திருந்தவன் தலையில் கட்டவில்லை.

மார்ச் 13, வியாழன்

ஜெர்மன் இறையியலாளர் போன்ஹாஃபர் 1943-ல் பெர்லினின் டேகல் சிறையில் இருந்தபடி, உண்மை பேசுவது என்றால் என்ன என்று எழுதத் தொடங்கினார். ஹிட்லருக்கு எதிரான தம் கூட்டாளிகளை விசாரணையில் காப்பாற்ற வேண்டிய நிலையில் இருந்தவர் அவர். அதில் ஓர் உதாரணம்: ஓர் ஆசிரியர், உன் அப்பா குடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவாராமே என்று வகுப்பு முன்னால் ஒரு பையனிடம் கேட்கிறார். உண்மைதான், ஆனாலும் பையன் இல்லை என்கிறான். அது பொய்தான், ஆனால் குற்றம் கேட்டவர்மேல் என்கிறார் போன்ஹாஃபர். குடும்பத்துக்குள் நுழைய அந்த ஆசிரியருக்கு உரிமையில்லை.

கத்தோலிக்க மறைக்கல்வி நூலும் 1992-ல், உண்மையை அறிய உரிமை உள்ளவரை ஏமாற்றுவதே பொய் என்றது. 1997 திருத்தத்தில் அந்த 'உரிமை உள்ளவர்' எடுக்கப்பட்டுவிட்டது. எடுத்தது நல்லது என்றே படுகிறது. யாருக்கு உரிமை என்று தீர்மானிக்கும் வேலையைக் கையில் எடுத்தால், நமக்குச் சங்கடமான ஆட்களுக்கெல்லாம் உரிமையில்லை என்றாகிவிடும்.

மார்ச் 14, வெள்ளி

சபையைச் சேர்ந்த ஒரு சித்தியைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். வார்டு வாசலிலேயே மகன் நிறுத்தினார். "அம்மாகிட்ட அல்சர்னு சொல்லிருக்கோம்க்கா. கேன்சர்னு வாயே திறந்துராதீங்க." உள்ளே போய் உட்கார்ந்ததும் சித்தி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "நெசமாவே அல்சர்தானாம்மா?" என்றார். "நான் பொய் சொல்லமாட்டேன் சித்தி. ஆனா அதை உங்க பிள்ளைதான் சொல்லணும். இப்பவே கூப்பிடுறேன்" என்றேன். வெளியே மகன் கோபத்தில் கத்தினார். திருப்பிப் பேசவில்லை, கேட்டு நின்றேன். பிறகு அவரே உள்ளே போனார். சித்தி கொஞ்சம் அழுதார். பிறகு, பல வருஷமாகப் பேசாத தங்கைக்கு நாசரேத்துக்கு போன் போடச் சொன்னார். அல்சர் என்றே இருந்திருந்தால் அந்த போன் போயிருக்காது.

மார்ச் 16, ஞாயிறு

பிள்ளைகளிடம் சொன்னேன்: மருத்துவச்சிகள் சொன்னது பொய்தான். அதை உண்மை என்று நியாயப்படுத்த வேண்டாம். ஆனால் அந்தப் பதிலால் அவர்களுக்கு ஒரு லாபமும் இல்லை. ராஜா கண்டுபிடித்திருந்தால் போவது அவர்கள் உயிர். நாம் சொல்லும் பொய்களில் பெரும்பாலானவை நம்மைக் காப்பாற்றத்தான். அந்தப் பொய்க்கு சிப்பிராளையும் பூவாளையும் சாட்சிக்குக் கூப்பிடாதீர்கள். உண்மை சொல்வதென்றால் அதன் விலையை நீங்களே கொடுக்கத் தயாராகுங்கள். பலவீனமான இன்னொருவரைக் கொடுக்க வைக்காதீர்கள்.

"அப்போ ஹோம்வொர்க் நோட்டு தொலஞ்சுபோச்சுன்னு சொல்றது?" என்று அதே பிள்ளை கேட்டாள். நாளைக்கு டீச்சரிடம் உள்ளதைச் சொல், திட்டினால் வாங்கிக்கொள் என்றேன். சரி என்று தலையாட்டினாள்.