கிணற்றடிக்கு வந்த கீர்த்தி

மேட்டூருக்கு அருகே ஜலகண்டாபுரத்தில் தறிச் சத்தத்தையும் தோட்டத்து மோட்டார் சத்தத்தையும் கேட்டு வளர்ந்த எங்களுக்குப் பெரியவர்கள் சொன்ன ஜி.டி. நாயுடுவின் கதைகளெல்லாம், அவர் செய்த மின்சார சவரக் கத்தியிலோ, சர்க்கார் லைசென்ஸ் கொடாமையால் தெருவைக் காணாமற்போன இரண்டாயிரம் ரூபாய்க் காரிலோதான் வந்து முடியும்.

1893-இல் கோயம்புத்தூருக்கு அருகே கலங்கல் கிராமத்தில் பிறந்து, பள்ளிப் படிப்பில் மனம் ஒட்டாமல், ஹோட்டலில் பரிமாறிச் சேர்த்த காசைக் கொண்டு வெள்ளைக்கார உத்தியோகஸ்தர் ஒருவரின் மோட்டார் சைக்கிளை விலைக்கு வாங்கி, அதை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி மறுபடியும் பூட்டிப் பார்த்தே யந்திர சாஸ்திரம் பயின்ற அந்த மனிதர், 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் இடையே தாமே பஸ் ஓட்டித் தொழிலைத் தொடங்கினார். 1941-இல் 70 ரூபாய்க்கு ரேடியோ செய்து தர முடியும் என்று அறிவித்தார். ஆச்சரியங்களுக்குக் குறைவில்லை. (ஆச்சரியம் என்றால் நம் ஜனங்களுக்குக் கொள்ளைப் பிரியம், பிரயோஜனம் என்றால் கொஞ்சம் அலுப்பு.)

எங்கள் பூமிக்கு அவரால் நேர்ந்த உபகாரமோ வேறு. 1934-இல் மேட்டூர் அணை எழும்பி, அதில் தேங்கிய காவேரி நீர் தஞ்சைக்குப் போன பின்பும், இந்த மேட்டு நிலத்துக் குடியானவன் கிணற்றையே நம்பியிருந்தான். விடியுமுன் எருதுகளை நுகத்தில் பூட்டி, அவை சரிவில் இறங்குகையில் வடக்கயிற்றின்மேல் தானும் ஏறி உட்கார்ந்து, சால் மேலே வந்ததும் வால்கயிற்றை விட்டுத் தும்பி என்னும் தோற்குழாய் வழியே நீரை வாய்க்காலில் கொட்டச் செய்து, மீண்டும் எருதுகளைப் பின்னுக்கு நடத்தி மேலேற்றி, இவ்வாறே வெயில் ஏறும்வரை கவலை இறைத்தாலும் நனைந்தது சில பாத்திகளே.

1937-இல் பீளமேட்டில் நாயுடுவின் தொழிற்சாலையில் இந்தியாவின் முதல் சுதேசி மின்சார மோட்டார் உருவாயிற்று. அதே ஆண்டில் மேட்டூரில் மின் உற்பத்தியும் தொடங்கியதை யோக சம்பந்தம் என்றே சொல்வேன். கம்பி எங்கள் தோட்டங்களை எட்டப் பல வருஷங்கள் ஆயின. எட்டிக் கிணற்றடியில் மோட்டார் வந்த பின் கவலை எருதுகள் சந்தைக்குப் போயின. கிணறுகள் பாதாளத்துக்கு இறங்கியதும் உண்மையே. ஆயினும் மனிதன் ஆசையை மோட்டாரின் தலையில் கட்டுவது நியாயமன்று.

அந்த முதல் மோட்டாரை உருவாக்கிய கைகள் ஜி.டி. நாயுடுவுடையவை அல்ல, டி. பாலசுந்தரம் நாயுடுவுடையவை. பின்னாளில் டெக்ஸ்டூல் நிறுவனத்தை நிறுவியவரும் அவரே. வல்லவன் ஒருவனை இனங்கண்டு, அவனுக்குப் பட்டறையும் பொருளும் தந்து, காரியம் முடியும்வரை பொறுத்திருந்ததையே ஜி.டி. நாயுடுவின் மிகச் சிறந்த நிர்மாணமாக நான் கருதுகிறேன். பிள்ளைகளுக்குப் பாடநூல் எழுதும் பெரியோர்கள், சவரக் கத்திக்கு ஒதுக்கும் இடத்தில் ஒரு வரியையாவது குறைத்துக்கொண்டு, பாலசுந்தரத்தின் பெயரையும் அங்கே சேர்ப்பார்களாக.